பிடரியில் தொடங்கும் தலைவலி: லேப் டெக்னீஷியன்கள் கேட்ட கேள்விகள்

மருத்துவ ஆய்வகங்களில் வேலை செய்பவர்கள் கழுத்துவலி, தலைவலி பற்றி அனுப்பிய கேள்விகள் இவை. ஆய்வகப் பணியில் நீண்ட அனுபவம் உள்ளவர்களும் பிசியோதெரபிஸ்ட்களும் சேர்ந்து பதில் தருகிறார்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: அரசு மருத்துவமனையில் ஆய்வக நுட்புநராக இருக்கிறேன். வயது 31. சளி ஸ்லைடு, மலேரியா ஸ்லைடு என்று தினமும் இருபதுக்குக் குறையாமல் மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறேன். மதியம் 2 மணிக்கு மேல் பிடரியின் வலப்பக்கம் பிடிக்க ஆரம்பிக்கும். கொஞ்ச நேரத்தில் வலி மண்டை மேலே ஏறி வலது கண்ணுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒற்றைத் தலைவலி என்று மாத்திரை கொடுத்தார்கள், கேட்கவில்லை. இது கழுத்தால் வருவதா?
– வாசகி, தேனி மாவட்டம்

பதில்: நீங்கள் சொல்லும் விதத்தைப் பார்த்தால் கழுத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். கழுத்தின் மேல் மூன்று நரம்புகளும், நெற்றிக்கும் கண்ணுக்கும் உணர்வு தரும் டிரைஜெமினல் நரம்பும் தண்டுவடத்தின் உச்சியில் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. அதனால் பிடரியில் கிளம்பும் வலியை மூளை கண்ணில் வலிப்பதாக எடுத்துக்கொள்கிறது. கண் டாக்டரிடம் போய், கண்ணில் ஒன்றுமில்லை என்று கேட்டுத் திரும்பியவர்கள் ஏராளம்.

கழுத்துத் தலைவலிக்குச் சில குணங்கள் உண்டு. பெரும்பாலும் ஒரே பக்கம் வரும், பக்கம் மாறாது. கழுத்தைத் திருப்பினாலோ ஒரே நிலையில் வைத்திருந்தாலோ கூடும். மண்டையோட்டின் அடிவிளிம்பில் கட்டைவிரலை வைத்து அழுத்தினால் அதே வலி கண்ணுக்கு ஓடும். ஒற்றைத் தலைவலி என்றால் விண் விண்ணென்று தெறிக்கும், குமட்டும், வெளிச்சமும் சத்தமும் ஆகாது. நடமாடினால் அதிகமாகும். இருட்டறையில் படுக்கத் தோன்றும். தலையைச் சுற்றி நாடா போட்டு இறுக்கியதுபோல இருபக்கமும் வந்தால் அது டென்ஷன் தலைவலி.

ஆனால் ஒற்றைத் தலைவலிக்காரர்களில் நிறையப் பேருக்கு வலி வரும்முன் கழுத்தும் பிடிக்கும். ஆகவே கழுத்து வலிக்கிறது என்ற ஒன்றை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். பிசியோதெரபிஸ்ட் உங்களைப் படுக்கவைத்து, முகவாய் மார்பில் படும் அளவுக்குத் தலையை மடக்கி, அப்படியே இடமும் வலமும் திருப்பிப் பார்ப்பார். சாதாரணமாக இரண்டு பக்கமும் 40 முதல் 45 டிகிரி வரை திரும்பும். வலிக்கிற பக்கம் மட்டும் 10 டிகிரிக்கு மேல் குறைந்தால், கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையே இறுக்கம் என்று அர்த்தம். இரண்டு நிமிட வேலை. மாத்திரையை மாற்றும் முன் இதைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

இனி காரணம். தலையின் எடை ஏறக்குறைய 5 கிலோ. நேராக இருக்கும்போது முதுகெலும்பு அதைத் தாங்குகிறது. முன்னால் சாய்ந்ததும் பிடரித் தசைகள் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். 15 டிகிரி குனிந்தால் கழுத்துக்கு 12 கிலோ, 60 டிகிரி குனிந்தால் 27 கிலோ சுமை என்று 2014-ல் வெளியான ஒரு கணக்கீடு பலரும் பகிர்வது. அந்த எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எடையைவிட நேரம்தான் வில்லன். நெகட்டிவ் என்று எழுத சளி ஸ்லைடில் 100 புலங்கள் (ஒரே பார்வையில் தெரியும் வட்டங்கள்) பார்க்க வேண்டும், அதற்கு ஐந்து நிமிடமாவது ஆகும். 20 ஸ்லைடு என்றால் 100 நிமிடம் தலை அசையாமல் நிற்கிறது. தசை சுருங்கியே இருந்தால் ரத்த ஓட்டம் குறையும், வலி பிறக்கும். கண்ணை ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் குழாய்முனை) ஒட்டவைக்க முகவாயை முன்னால் நீட்டுகிறோம் அல்லவா, அப்போது மண்டையோட்டுக்கு அடியில் உள்ள நான்கு ஜோடிக் குட்டித் தசைகள் நசுங்கிச் சுருங்குகின்றன. வலிக்கிற வலப்பக்கத்திலேயே ரெஜிஸ்டரும் இருந்தால் கேட்கவே வேண்டாம். ஸ்லைடு முடிய முடியத் தலையைத் திருப்பிக் குனிந்து எழுதுகிறீர்கள். வலது பக்கம் மட்டும் வலிப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். ரெஜிஸ்டரை இரண்டு தடித்த ஃபைல்களை அடியில் வைத்து எழுத்துமேஜைபோலச் சரிவாக நிறுத்துங்கள். வாரம் ஒருமுறை அதை இடப்பக்கத்துக்கு மாற்றிப் பாருங்கள். வலி குறைந்தால் விடை கிடைத்துவிட்டது.

சளி ஸ்லைடு ஒருவருக்கு ஒரு நாளைக்கு 20 முதல் 25-க்கு மேல் போகக்கூடாது என்பதுதான் பொதுவான வரம்பு. களைத்த கண் கிருமியைத் தவறவிடும் என்பதற்காக வைத்தது, கழுத்துக்கும் அதுவே நல்லது. அமெரிக்காவில் கர்ப்பப்பைவாய் ஸ்லைடு பார்க்கும் சைட்டாலஜி (செல் பரிசோதனை) ஆட்களுக்கு 1988-ம் ஆண்டுச் சட்டப்படி 24 மணி நேரத்தில் 100 ஸ்லைடு உச்சவரம்பு. அந்த வேலையை எட்டு மணி நேரத்துக்குக் குறைவாக முடிக்கவும் கூடாது.

கேள்வி: எங்கள் லேபில் மைக்ராஸ்கோப் ஒன்றுதான், பார்ப்பவர்கள் இரண்டு பேர். நான் 5 அடி 10 அங்குலம், உடன் வேலை செய்யும் அக்கா 5 அடி. இருவருக்கும் கழுத்துவலி. எப்படி வைப்பது சரி?
– வாசகர், ஈரோடு

பதில்: அளவுநாடா ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக உட்காரும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, தரையிலிருந்து கண்ணின் வெளிமூலை வரை இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள். அடுத்து, தரையிலிருந்து ஐபீஸின் மேல்விளிம்பு வரை. நிமிர்ந்த கண்ணைவிட ஐபீஸ் 3, 4 செ.மீ. தாழ்ந்திருந்தால் சரியான உயரம். லேசாகக் குனிந்தாலே கண் பொருந்திவிடும்.

உங்கள் இருவருக்கும் உத்தேசக் கணக்கு போட்டுப் பார்ப்போம். நாற்காலி 42 செ.மீ. உயரம். உட்கார்ந்த நிலையில் ஆசனத்திலிருந்து கண் வரை உங்களுக்குச் சுமார் 80, அக்காவுக்கு 68. அப்படியானால் தரையிலிருந்து உங்கள் கண் 122-லும் அவர் கண் 110-லும் இருக்கிறது. மேஜை 75 செ.மீ., அதன் மேல் மைக்ராஸ்கோப் 38 என்றால் ஐபீஸ் 113-ல். நீங்கள் 9 செ.மீ. இறங்க வேண்டியிருக்கிறது, அதனால் முதுகு கூனுகிறது. அக்காவோ 3 செ.மீ. எட்ட வேண்டியிருக்கிறது, அதனால் தோளைத் தூக்கி முகவாயை மேலே நீட்டுகிறார். ஒரே கருவி, இரண்டு விதமான வலி.

தீர்வு என்னவென்றால், மைக்ராஸ்கோப்பை உயரமானவருக்கு வையுங்கள், நாற்காலியைக் குள்ளமானவருக்கு ஏற்றுங்கள். 5 செ.மீ. தடிமனுள்ள மரப்பலகையை அடியில் நிரந்தரமாக வைத்தால் ஐபீஸ் 118-க்கு வரும், அது உங்களுக்குச் சரி. அக்காவுக்கு ஆசனம் 12 செ.மீ. உயர வேண்டும், காலுக்கு அதே 12 செ.மீ. உயரத்தில் மிதிப்பலகை வேண்டும். கால் தொங்கினால் உடம்பு முன்னால் சரியும், ஏற்றிய உயரம் வீண். பலகையை ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் எடுத்துப் போடாதீர்கள், ஒருநாள் மைக்ராஸ்கோப் கீழே விழும்.

நிறைய லேபில் மேஜையே இருக்காது, நின்று வேலை செய்யக் கட்டிய 90 செ.மீ. கடப்பைக்கல் மேடையும் பிளாஸ்டிக் நாற்காலியும்தான். அங்கே ஐபீஸ் 128-க்குப் போய்விடும். உங்கள் உயரத்துக்கே 6 செ.மீ. அதிகம். இதற்கு ஏற்றி இறக்கும் ஸ்டூலைத் தவிர வேறு வழியில்லை.

உயரம் முடிந்ததும் தூரம். மைக்ராஸ்கோப்பை மேடையின் விளிம்புவரை இழுத்து வையுங்கள். சுவரோரம் தள்ளி வைத்திருப்பதுதான் எங்கும் காணும் தப்பு. தூசி படாது என்று வைப்பார்கள், அரை அடி எட்டிக் குனிந்து பார்ப்பார்கள். முழங்கை இரண்டும் விலாவுக்குப் பக்கத்தில் இருக்கும்போது ஸ்டேஜ் திருகு (ஸ்லைடு தட்டை நகர்த்துவது) கைக்கு எட்ட வேண்டும். கல்விளிம்பு முன்கையில் வெட்டினால் சுருட்டிய துவாலையை அடியில் வையுங்கள்.

குழாயின் சாய்வையும் பாருங்கள். பழைய கருவிகளில் 45 டிகிரி, இப்போது வருபவற்றில் 30. புதிதாக வாங்குவதானால் 30-ஐக் கேட்டு வாங்குங்கள். பின்பக்கம் ஆப்பு வைத்து மைக்ராஸ்கோப்பையே முன்னால் சாய்க்கிறவர்கள் உண்டு. ஸ்லைடில் தடவிக் காய்ந்த ஸ்மியர் மட்டும் பார்ப்பவர்கள் கொஞ்சமாகச் சாய்க்கலாம். சிறுநீர் செடிமென்ட் (அடிப்படிவு) பார்க்கிற இடத்தில் கூடாது, திரவம் ஒருபக்கம் ஓடி எண்ணிக்கை தப்பாகும். சில மாடல்களில் இரட்டைக் குழாயை மேல்நோக்கிப் புரட்டினால் ஓரிரு அங்குலம் உயரம் கூடும். உங்களுடையதில் அந்த வசதி இருந்தும் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள், ஒருமுறை பாருங்கள்.

கடைசியாக, இருவர் பார்க்கும் கருவியில் கண் அளவு. இரண்டு வட்டமும் ஒன்றாகத் தெரியும்வரை குழாய்களை நெருக்கி அல்லது விலக்கி, நடுவில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு 40எக்ஸ் லென்ஸில் வலது கண்ணால் மட்டும் பார்த்து நுண்திருகால் ஃபோக்கஸ் செய்யுங்கள். அடுத்து இடது கண்ணால் மட்டும் பார்த்து, திருகைத் தொடாமல், இடது ஐபீஸில் உள்ள வளையத்தை மட்டும் திருப்பித் தெளிவாக்குங்கள். அந்த எண்ணையும் குறியுங்கள். இரண்டு எண்களையும் பிளாஸ்திரியில் எழுதிக் கருவியின் கையில் ஒட்டிவிட்டால் அடுத்த முறை பத்து நொடி வேலை. இதைச் செய்யாமல் மற்றவர் வைத்த அளவிலேயே பார்த்தால், ஒரு கண் நாள் முழுக்க மல்லுக்கட்டும். நெற்றிவலிக்கு அது போதும். என்ன செய்தும் உருவம் இரண்டாகத் தெரிந்தால் உள்ளே பிரிசம் நகர்ந்திருக்கிறது. சர்வீஸுக்கு அனுப்புங்கள்.

கேள்வி: வயது 47. கிட்டப்பார்வைக் கண்ணாடியோடு சேர்த்து இப்போது புரோகிரசிவ் லென்ஸ் போட்டிருக்கிறேன். கம்ப்யூட்டரில் ரிசல்ட் ஏற்றும்போது பிடரி வலி உயிர் போகிறது. மைக்ராஸ்கோப்பில் கண்ணாடி இடிக்கிறது.
– வாசகி, கும்பகோணம்

பதில்: புரோகிரசிவ் லென்ஸில் பக்கத்தில் உள்ளதைப் பார்க்கும் பகுதி அடியில் இருக்கிறது. நேர் எதிரே உள்ள திரையை அதன் வழியாகப் பார்க்க முகவாயைத் தூக்குகிறீர்கள், பிடரி மடங்குகிறது. திரையை 5 முதல் 10 செ.மீ. இறக்கி, லேசாக மேல்நோக்கிச் சாயுங்கள். மற்றவர்களுக்குச் சொல்லும் ‘திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்தில்’ என்ற விதி உங்களுக்குப் பொருந்தாது. நாளில் மூன்று நான்கு மணி நேரம் திரை வேலை என்றால் அந்தத் தூரத்துக்கென்றே ஒரு தனிக் கண்ணாடி போடுவது நல்லது. திரைக்கும் கண்ணுக்கும் உள்ள தூரத்தை அளந்துகொண்டு கண் பரிசோதனைக்குப் போங்கள்.

மைக்ராஸ்கோப்பில் உருவம் வெகுதூரத்தில் இருப்பதுபோலத்தான் கண்ணுக்கு வருகிறது. ஆகவே வாசிக்கும் கண்ணாடி அங்கே தேவையே இல்லை. வெறும் கிட்டப்பார்வை, தூரப்பார்வை என்றால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஃபோக்கஸ் திருகால் சரிக்கட்டலாம். சிலிண்டர் பவர் (ஆஸ்டிக்மாட்டிசம் என்ற பார்வைக் கோளாறுக்கானது) அதிகம் என்றால் கழற்றக்கூடாது. அப்போது தூரத்துப் பவர் மட்டும் உள்ள கண்ணாடியோடு, கண்ணாடிப் படம் பொறித்த ஐபீஸ் வாங்கிப் பொருத்தி, அதன் ரப்பர் வளையத்தை மடித்துவிட்டுப் பாருங்கள்.

கேள்வி: எலைசா (குழித்தட்டில் செய்யும் ரத்தப் பரிசோதனை) பிரிவில் வேலை. மாலையானால் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே கல் வைத்த மாதிரி இருக்கிறது. நான் மைக்ராஸ்கோப்பே தொடுவதில்லையே?
– வாசகர், மதுரை

பதில்: பைப்பெட்டும் (திரவத்தை அளந்து உறிஞ்சி விடும் கருவி) போதும். முழங்கை உடம்பைவிட்டு விலகி உயரும்போதெல்லாம் தோளுக்கு மேலுள்ள டிரபீசியஸ் தசை கையின் எடையைத் தூக்குகிறது. டிப் (பைப்பெட்டில் மாட்டும் பிளாஸ்டிக் முனை) பெட்டியும் கழிவு டப்பாவும் உயரமாக இருந்தால் ஒவ்வொரு முறையும் கை அதைத் தாண்டி எகிற வேண்டும். 96 குழிகளுக்கு ஒற்றை பைப்பெட்டில் 96 முறை, எட்டு முனை பைப்பெட்டில் 12 முறை. கழுவுதல், கான்ஜுகேட், சப்ஸ்ட்ரேட் என்று ஒவ்வொரு படிக்கும் பெருக்கிப் பாருங்கள். வருடத்தில் 300 மணி நேரத்துக்கு மேல் பைப்பெட் பிடித்தால் கை, தோள் தொல்லைகள் கூடுவதாக 1990-களிலேயே ஆய்வு வந்திருக்கிறது. வாரத்துக்கு ஆறு மணி நேரம்தான் அது.

கழிவுக்கு உயர டப்பாவுக்குப் பதில் குட்டையான டிரே வையுங்கள். தேவையானதெல்லாம் கைக்கு ஓர் அடிக்குள் இருக்கட்டும். ஆசனத்தை உயர்த்தி முழங்கை தானாகத் தொங்கும்படி உட்காருங்கள். டிப்பைக் குத்திக் குத்தி மாட்டாதீர்கள். எவ்வளவு இறுக்கி மாட்டுகிறீர்களோ அவ்வளவு பலம் போட்டுக் கட்டைவிரல் அதைத் தள்ள வேண்டும். கம்பெனி மாற்றி வாங்கிய டிப் சரியாக உட்காராததால்தான் பலர் குத்துகிறார்கள். அதை இன்டெண்ட் (பொருள் கேட்புப் பட்டியல்) போடுபவரிடம் சொல்லுங்கள். குழி தெரியவில்லை என்று குனிந்தால், பிளேட்டுக்கு அடியில் கறுப்புக் காகிதம் ஒன்றை விரித்துப் பாருங்கள்.

கேள்வி: ஹிஸ்டோபேத்தாலஜி (திசுப் பரிசோதனை) லேபில் இருக்கிறேன். லேபுக்குள் போன ஒரு மணி நேரத்தில் தலை பாரம், கண் எரிச்சல். லீவு நாளில் இல்லை. கழுத்துப் பயிற்சி செய்தும் பயனில்லை.
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: கழுத்தின் மேல் பழி போடாதீர்கள். கண் எரிகிறது என்றால் திசு வேலையில் புழங்கும் ரசாயனங்களான ஃபார்மலினும் சைலீனும்தான் முதல் குற்றவாளிகள். ஸ்டெயினிங் ஜாடிகளுக்கு மூடி இருக்கிறதா? எக்ஸாஸ்ட் ஃபேன் ஜாடிகளுக்குப் பக்கத்தில் இருக்கிறதா, அல்லது எதிர்ச்சுவரின் உச்சியில் இருந்துகொண்டு ஆவியை உங்கள் முகத்தைத் தாண்டி இழுக்கிறதா? சைலீன் ஆவி காற்றைவிடக் கனமானது, மேடைமட்டத்திலேயே தங்கும். ஸ்பிளிட் ஏ.சி. உள்ளே இருக்கிற காற்றையே சுற்றிவிடும், வெளியேற்றாது. துணி முகக்கவசமும் என்95-ம் ஆவியைத் தடுக்காது.

காலை 11 மணித் தலைவலி பற்றி எழுதிய மற்ற மூவருக்கும் ஒரு வரி: வெறும் வயிற்றோடு வரும் நோயாளிகளுக்கு ஆறு மணியிலிருந்து ரத்தம் எடுக்கிற நீங்களும் வெறும் வயிற்றோடுதான் இருக்கிறீர்கள். லேபுக்குள் தண்ணீர் குடிக்கக்கூடாது என்பது சரி, அதற்காக மதியம்வரை குடிக்காமலே இருப்பது சரியில்லை. கலெக்‌ஷன் தொடங்கும் முன் இரண்டு இட்லியாவது உள்ளே போகட்டும்.

கேள்வி: எக்ஸ்ரேயில் கழுத்தெலும்பு தேய்மானம் என்று வந்திருக்கிறது. காலர் போடலாமா? சலூனில் கழுத்தைச் சொடக்கு எடுத்தால் கொஞ்ச நேரம் நன்றாக இருக்கிறது. மற்ற நாட்களில் வலி மாத்திரை.
– வாசகர், திருநெல்வேலி

பதில்: நாற்பதைத் தாண்டிய யாரை எக்ஸ்ரே எடுத்தாலும் தேய்மானம் தெரிய வாய்ப்பு அதிகம். வலியே இல்லாதவர்களுக்கும் தெரியும். அந்த ஒரு வார்த்தையால் மனம் தளர வேண்டாம். காலர், கடும் வலிக்கு டாக்டர் சொன்னால் ஓரிரு நாள். வாரக்கணக்கில் போட்டால் தசை இன்னும் பலவீனமாகும்.

சலூன் சொடக்கு இன்றோடு போதும். கழுத்தெலும்புகளின் துளை வழியாக மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் உண்டு. தலையை வெடுக்கென்று திருகும்போது அவற்றின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் இருக்கிறார்கள். அரிதுதான், ஆனால் வந்தால் பாதிப்பு நிரந்தரமாகவும் ஆகலாம்.

சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, பல மருந்து சேர்ந்த கலவை மாத்திரையை 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் எடுத்தால் மாத்திரையே தலைவலியைத் தரும். ஒரு காலண்டரில் மாத்திரை போட்ட நாளை வட்டமிடுங்கள். எண்ணிக்கை தெரிந்த பிறகு டாக்டரிடம் போய்ப் பேசுங்கள்.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியவை தனி: இடி விழுந்ததுபோல நொடியில் உச்சத்துக்குப் போகும் தலைவலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், பார்வைக் குறைவு, விழுந்து அடிபட்டபின் வரும் வலி. பட்டன் போட விரல் தடுமாறுகிறது, நடை தள்ளாடுகிறது, சிறுநீர் கட்டுப்படவில்லை என்றால் தண்டுவடம் அழுந்துகிறதா என்று பார்த்தாக வேண்டும். ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் தலைவலியையும் காட்டிவிடுங்கள்.

கேள்வி: உபயோகமான பயிற்சி ஒன்றே ஒன்று சொல்லுங்கள். பத்துச் சொன்னால் செய்ய மாட்டேன்.
– வாசகி, வேலூர்

பதில்: நேர்மையான கேள்வி. டயல் வைத்த பி.பி. கருவி ஒன்று லேபிலோ வார்டிலோ இருக்கும். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்குங்கள். கஃப்பை உள்ளங்கை அகலத்துக்கு மடித்து, பிடரிக்குழியில் மண்டைக்குச் சற்றுக் கீழே வைத்து, முள் 20-ல் நிற்கும்வரை காற்றடியுங்கள். இப்போது ‘ஆமாம்’ என்று சொல்வதுபோல முகவாயை மெதுவாக உள்ளே இழுங்கள். தலையைத் தூக்கக்கூடாது, தரையில் அழுத்தவும் கூடாது. முள் 22-க்கு வந்ததும் பத்து நொடி ஆடாமல் நிறுத்துங்கள். பத்து முறை. சுலபமானதும் 24, 26 என்று 30 வரை போகலாம். தொண்டையின் இருபுறமும் கயிறுபோலத் தசை புடைத்தால் தப்பாகச் செய்கிறீர்கள், ஒரு படி குறையுங்கள். கழுத்தெலும்பை ஒட்டியுள்ள ஆழத் தசைகளுக்கான பயிற்சி இது. பலன் தெரிய ஆறு வாரம் ஆகும். செய்யும்போது வலி கண்ணுக்கு ஏறினால் நிறுத்திவிட்டு பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள்.

வேலை நேரத்தில், இரண்டு ஸ்லைடுக்கு ஒருமுறை ஐபீஸிலிருந்து முகத்தை எடுத்து, 20 நொடி ஜன்னலுக்கு வெளியே பார்த்துத் தோளைப் பின்னால் சுழற்றுங்கள். இது ஒன்றில் அடங்காது, இனாமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சின்ன லேப் நடத்துகிறேன், மூன்று பேர் வேலை செய்கிறார்கள். கையில் காசு குறைவு. எதை முதலில் செய்வது?
– வாசகர், காரைக்குடி

பதில்: முதலில் தச்சரைக் கூப்பிடுங்கள். மேடைக்கு அடியில் அலமாரியும் டிராயரும் இருந்தால் மைக்ராஸ்கோப் வைத்த இடத்தில் மட்டும் 60 செ.மீ. அகலத்துக்கு அதை எடுத்துவிடச் சொல்லுங்கள். முழங்கால் நுழைய இடமில்லாதவர் பக்கவாட்டில் உட்கார்ந்து முதுகை முறுக்கித்தான் பார்ப்பார். அவருக்கு எவ்வளவு விலையுள்ள நாற்காலி வாங்கிக் கொடுத்தாலும் தண்டம். வெட்டி எடுத்த பலகையிலேயே மைக்ராஸ்கோப் பீடமும் கால் மிதியும் செய்துவிடலாம். அடுத்து, ஏற்றி இறக்கும் ஸ்டூல் ஒன்று. முதுகுச் சாய்வும் ஐந்து கால் அடிப்பாகமும் உள்ளதாகப் பாருங்கள். மேடை உயரமென்றால் கால் வைக்கும் வளையமும் வேண்டும். ரத்தம் எடுக்கும் இடத்தில் நோயாளியின் கை தாழ்ந்திருந்தால், கைதாங்கிக்கு அடியில் ரெக்சின் சுற்றிய ஸ்பாஞ்சுக் கட்டை ஒன்று. புது மைக்ராஸ்கோப் இந்தப் பட்டியலில் கடைசி.